ஃபோர் பை ஃபோர் பயிற்சிக்குப் போகிறீர்களா? முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் மின்கோபுர லைன் பராமரிப்புக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுகிறேன். இனிமேல் அட்வான்ஸ்டு ஆஃப்ரோடு சான்றிதழ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டியை ரோடு இல்லாத இடத்தில் ஓட்டப் பயிற்சி எடுத்ததற்கான காகிதம், இல்லாத டிரைவருக்கு கேட் பாஸ் கிடையாது என்று எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி சொல்லிவிட்டது. சாம்பல் குளத்தை ஒட்டிய பாதையில் ஓட்டியவர்களுக்கு இதன் காரணம் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல் தண்ணீரில் கலந்து குழாய் வழியாக வந்து கொட்டும் இடம் அது. மேல்பகுதி வெயிலில் காய்ந்து சிமென்ட் தரை போலத் தெரியும், உள்ளே கூழாக இருக்கும். ஆகவே பயிற்சி வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அந்தக் காகிதத்தை வாங்குவதற்குள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

பயிற்சித் திடல் பொன்னேரியைத் தாண்டி. நான் வழக்கமாக ஓட்டும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் ஆபீஸில் வேறொன்றைக் கொடுத்தார்கள். "சார், இதில் லோ கியர் லீவரே இல்லையே" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். மெதுவாக, கூடுதல் இழுவையோடு போக ஃபோர் பை ஃபோர் வண்டியில் இருக்கும் லீவர் அது. "ஜீப் மாதிரிதானே இருக்கு, எடுத்துட்டுப் போப்பா" என்றார். மணலியில் கன்டெய்னர் டிரெய்லர் வரிசைக்குள் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், பயிற்சியாளர் அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார். "அண்ணே, இது டூ வீல் டிரைவ். முன் ஆக்ஸிலுக்கு ஷாஃப்டே வரலை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். டீசலும் அன்றைய பேட்டாவும் போச்சு. இதில் கொடுமை என்னவென்றால், வாசலிலேயே அந்த வண்டியின் நம்பரை ரிஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டார்கள். இந்த நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்த முறை சரியான வண்டியோடு போனோம். இப்போது தடுத்தது ஆபீஸ் மேசை. மஞ்சள் போர்டு வண்டி என்பதால் பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி, வேண்டுமாம். எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. செய்தியை போனில் எடுத்துக் காட்டினேன். மேசையில் இருந்த மேடம் அதைப் படிக்கவே இல்லை. "எங்க லிஸ்ட்ல இருக்கு சார்" என்பதோடு சரி. நல்ல வேளை, உள்ளேயிருந்து வந்த மூத்த பயிற்சியாளர் ஒரு வரி படித்துவிட்டு, "விடும்மா, எல்லாம் சரிதான்" என்றார். கூட வந்த பையனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவன் கொண்டுவந்தது படிவம் 1, அதாவது நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உடல்நல உறுதிமொழி. அவர்கள் கேட்டது டாக்டர் பார்த்துத் தரும் 1-ஏ. போட்டோ மேல் டாக்டரின் முத்திரை, பதிவு எண் இரண்டும் இருந்தால்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அவன் அப்படியே பஸ் ஏறிவிட்டான். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், வண்டி முதலாளியின் சம்மதக் கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரிஜினலும் நகலும் கொண்டுபோங்கள். அங்கே சுற்றுவட்டாரத்தில் ஜெராக்ஸ் கடை கிடையாது.

வகுப்பறைப் பாடம் நமக்குத் தெரிந்ததுதான். தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போடாதே, ஸ்டியரிங்கில் கட்டைவிரலை உள்ளே விடாதே, அவ்வளவுதான். திடலில் இறங்கிய பிறகுதான் விஷயம். மணலில் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்கச் சொன்னார்கள். காற்று குறைந்தால் டயர் தரையில் படும் பரப்பு கூடும், வண்டி புதையாது. முந்தின ரவுண்டில் அச்சு வரை இறங்கிய அதே இடத்தில் இந்த முறை செகண்ட் கியரில் சத்தமில்லாமல் போனது. ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ரிவர்ஸ் லோ போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். நடுவில் திருப்பப் பார்த்தால் வண்டி உருண்டுவிடும். இறக்கத்தில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இதற்கு மட்டும் இருபது வருஷ டிரைவர்களும் திணறினார்கள், கால் தானாகப் போய் மிதிக்கிறது.

வின்ச், அதாவது சிக்கிய வண்டியைக் கேபிள் சுற்றி இழுக்கும் கருவி, அந்தப் பாடத்தைத் தவற விடாதீர்கள். கயிறோ கேபிளோ, சேஸிஸில் போல்ட் போட்ட ஹூக்கில்தான் மாட்ட வேண்டும், பம்பரில் மாட்டக் கூடாது. கேபிள் மேல் கனமான ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் சாட்டையாக வீசும் வேகம் குறையும். எங்கள் சைட்டில் இதுவரை ஒருவரும் சாக்கு போட்டு நான் பார்த்ததில்லை.

மாலையில் காற்று அடிக்கப் போனால் அவர்களுடைய கம்ப்ரஸர் ஓடவில்லை. "மெதுவா பொன்னேரி வரைக்கும் போயிடுங்க" என்றார்கள். 18 பி.எஸ்.ஐ.-யில் தார் ரோட்டில் வேகம் எடுத்தால் டயர் சூடாகிக் கிழிந்துவிடும். பஞ்சர் கடை வரும்வரை ஓரமாக உருட்டிக்கொண்டே போனேன், பின்னால் வந்த பஸ்காரர்கள் அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். கையில் சொந்தமாக ஒரு காற்றுப் பம்பும் கேஜும் இருக்கட்டும்.

தேர்வில் முதல் முறையிலேயே பாஸ். சான்றிதழில் வண்டி நம்பர் என்ற இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? திருப்பி அனுப்பிய அந்த டூ வீல் டிரைவ் நம்பர்! வாசல் ரிஜிஸ்டரைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். சைட் செக்யூரிட்டி ஆன்லைனில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஃபோர் பை ஃபோரே இல்லையே" என்று நிறுத்திவிட்டார். மறுபடி மணலி, மறுபடி கன்டெய்னர் வரிசை. திருத்தித் தர ஐந்து நிமிஷம் ஆனது, அதுவும் பிரிண்டர் சூடாகும் நேரம்தான். அங்கேயே நின்று பெயர், லைசென்ஸ் எண், வண்டி நம்பர் மூன்றையும் விரல் வைத்துப் படித்த பிறகுதான் கிளம்பினேன்.

எனக்கு கேட் பாஸ் வந்துவிட்டது. பஸ் ஏறிப் போன பையனுக்கு இன்னும் 1-ஏ கிடைக்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாராம், பதிவு எண் முத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம்.