சென்னையில் பிறந்த ஆன்டிபயாடிக்

என்மெடாசோபாக்டம். வாயில் நுழையாத பேர்தான், ஆனாலும் நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பேர், ஏனென்றால் இந்த மூலக்கூறைக் கண்டுபிடித்தது சென்னையின் ஆர்கிட் பார்மா. செஃபிபைம் என்ற பழைய ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஏற்றுகிற இந்த மருந்துக்கு, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது.

இது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரியான பாக்டீரியாக்களில் பல இப்போது இஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரந்து, செஃபிபைமின் உயிர்நாடியான பீட்டா லாக்டம் வளையத்தை உடைத்துவிடுகின்றன. மருந்து உள்ளே போயும் பயனில்லை. என்மெடாசோபாக்டம் நேராகப் போய் அந்த நொதியை முடக்குகிறது, அப்புறம் செஃபிபைம் தன் வேலையைப் பார்க்கும். மூன்றாம் கட்டச் சோதனையில், ஒப்பிட்டுப் பார்த்த பழைய மருந்தான பைப்பராசிலின்-டாசோபாக்டம் 58.9 சதவீதம் பேரிடம் முழுப் பலன் தந்தது, இந்தக் கூட்டு மருந்து 79.1 சதவீதம் பேரிடம். என்டிஎம் என்ற வேறு வகை நொதி உள்ள பாக்டீரியாவிடம் மட்டும் இதன் பாச்சா பலிக்காது, அதற்கு வேறு மருந்து வேண்டும்.

ஆனால் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது என்பதுதான் என் கவலை. நல்ல புது ஆன்டிபயாடிக்கை அவசரத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும், கண்டபடி எழுதினால் பாக்டீரியா அதற்கும் பழகிவிடும். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் விற்பனை எங்கே நடக்கும்? அமெரிக்காவின் அக்கேயோஜன் நிறுவனம் பல வருஷம் உழைத்து பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் ஒப்புதல் வாங்கியது, 2019 ஏப்ரலில் திவால் மனு போட்டது. மருந்தில் குறையில்லை, வாங்க ஆள் இல்லை. அதைப் பார்த்த பிறகு எந்த முதலீட்டாளர் இந்தப் பக்கம் வருவார்?

பிரிட்டன் 2022-ல் ஒரு வழி காட்டியது: இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை குப்பி செலவானாலும் சரி, வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். நிறுவனத்துக்கு வருமானம் நிச்சயம், அதிகம் விற்றாக வேண்டிய நெருக்கடி இல்லை. இதை நாம் ஏன் செய்யக்கூடாது? மொத்தமாக டெண்டர் விட்டு மலிவாக மருந்து வாங்குவதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே முன்மாதிரி. பாராசிட்டமாலுக்கு அந்த முறை சரி. கடைசி ஆயுதமாக வைக்க வேண்டிய ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் வருஷக் கட்டணம் என்று இங்கிருந்தே தொடங்கலாம், மத்திய அரசும் பங்கு போட வேண்டும்.