பழைய ஃபோர்டு பிக்கப்பில் இக்னிஷன் மாற்றங்கள்: ஓராண்டுப் பதிவு

என்னிடம் 1973ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் லாரி என்றாலே டீசல் எஞ்சின்தான். அதில் தீப்பொறிக்கு வேலையே இல்லை. நான் வசிக்கும் மேற்குப் பென்சில்வேனியாவில் ‘டிரக்’ என்று சொன்னால் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடும் இத்தகைய பிக்கப்பைத்தான் குறிக்கிறார்கள். என் வண்டியில் இருப்பது 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர் கொள்ளளவு கொண்ட, ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின். ஃபோர்டு நிறுவனம் 1965 முதல் 1996 வரை தயாரித்த இந்த எஞ்சினில் ஏழு மெயின் பேரிங்குகள் உண்டு. கேம் தண்டு செயினால் அல்லாமல் பல்சக்கரத்தால் சுழல்கிறது. குறைந்த சுழற்சியில் பாரம் இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் இது. அன்றாட ஓட்டத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளை நான் தாண்டுவதே அரிது.

இத்தகைய எஞ்சினுக்குக் கடைகளில் விற்கும் இக்னிஷன் (பெட்ரோல் கலவையைத் தீப்பொறியால் பற்றவைக்கும் அமைப்பு) மேம்பாடுகள் பயன் தருமா என்பதைச் செய்து பார்த்தே அறிய விரும்பினேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரே முறையில் அளப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன். லாஃப்லின்டவுனைத் தாண்டி லாரல் மலையின் மேல் ஏறும் 30ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மைல் தூரத்தைக் குறித்துக்கொண்டு, பின்தொட்டியில் 450 கிலோ மணல் மூட்டைகளை ஏற்றி, மேல் கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏறுவதே என் சோதனை. ஒவ்வொரு முறையும் மூன்று ஏற்றங்களின் சராசரியை எடுத்தேன். எதையும் மாற்றாமல் ஏறும்போதே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் மூன்று வினாடி வரை வேறுபாடு வந்ததால், அதற்குக் குறைந்த எந்த முன்னேற்றத்தையும் நான் கணக்கில் கொள்ளவில்லை.

அளக்கத் தொடங்குவதற்கு முன் டைமிங் குறி, அதாவது பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பொறி பிறக்கிறது என்பதைக் காட்டும் குறி, உண்மையைச் சொல்கிறதா என்று பார்த்தேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில், அதிர்வைக் குறைக்க உள்ள டாம்பரின் குறி பொறித்த வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது; ஐம்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் நெகிழ்ந்து வளையம் நகர்ந்திருந்தால், பொறியோடு சேர்ந்து மின்னிக் குறியைப் படிக்க உதவும் டைமிங் லைட் காட்டும் எண் அத்தனையும் பொய்யாகிவிடும். பிளக் துளையில் பிஸ்டன் தடுப்பான் ஒன்றைப் பொருத்தி, கிராங்க்கை இரு திசையிலும் கையால் சுற்றி, தடை ஏற்படும் இரண்டு இடங்களின் நடுப்புள்ளியைக் குறித்தேன். குறி சரியாகவே இருந்தது. இதைச் செய்யாமல் இக்னிஷனில் கை வைப்பது அளவுகோலைப் பார்க்காமல் மரம் அறுப்பதற்குச் சமம் என்று கருதுகிறேன்.

முதல் ஏற்றத்துக்கு 3 நிமிடம் 12 வினாடி ஆயிற்று. அதன்பின், பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு நன்கு பழகிய காட்சிதான்: காயிலுக்கு (பொறிக்கான உயர் அழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்டின் முகங்கள் குழி விழுந்திருந்தன, டிஸ்ட்ரிப்யூட்டரின் நடுத்தண்டில் உள்ள கேமில் உரசும் கட்டை தேய்ந்து இடைவெளி சுருங்கியிருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் கேமின் ஒரு சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 60 பாகை கிடைக்கிறது. அதில் பாயின்ட் மூடியிருக்கும் பங்கே டுவெல். அது 38 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 46 ஆகியிருந்தது. இடைவெளி சுருங்கும்போது பாயின்ட் முன்னதாக மூடித் தாமதமாகத் திறக்கிறது; தீப்பொறி திறக்கும் கணத்தில்தான் பிறக்கிறது என்பதால் டைமிங்கும் பின்தங்கிவிடுகிறது. டிஸ்ட்ரிப்யூட்டரில் டுவெல் ஒரு பாகை கூடினால் கிராங்க் கணக்கில் டைமிங் ஏறத்தாழ ஒரு பாகை தாமதமாகும். கேமின் இரு பக்கத்திலும் பாதிப் பாதியாகப் பகிரப்படும் அந்த மாற்றம், கிராங்க் இரு மடங்கு வேகத்தில் சுழல்வதால் மீண்டும் முழுதாகிவிடுகிறது. என் வண்டியில் அது அப்படியே தெரிந்தது: மேல்மையப் புள்ளிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 2 பாகை பின்னால் இருந்த குறி, புதிய பாயின்டும் கண்டென்சரும் போட்டு டுவெல்லைச் சரிசெய்ததும் 6 பாகை முன்னால் வந்து நின்றது. மலை ஏற 2 நிமிடம் 55 வினாடி. இந்த ஆண்டின் மிகப் பெரிய முன்னேற்றம் மிகக் குறைந்த செலவில் வந்தது.

அடுத்ததாக, பாயின்டுக்குப் பதிலாகப் பொருத்தும் மின்னணுத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். கேமின் மேல் ஒரு காந்த வளையம், பாயின்ட் இருந்த இடத்தில் ஹால் விளைவில், அதாவது காந்தம் கடப்பதை உணர்ந்து இயங்கும் ஒரு சிறு உணரி. வெளியில் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. வயரிங்கில் நான் ஒரு பிழை செய்தேன். இக்னிஷன் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் கம்பியே இந்த வண்டியில் மின்தடையாகவும் வேலை செய்கிறது. ஓடும்போது காயில் முனையில் 12 வோல்ட் கிடைக்காது. ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் தனிக் கம்பி வழியாக முழு பேட்டரி அழுத்தம் வரும். நான் உணரிக்கான மின்சாரத்தைக் காயில் முனையிலிருந்தே எடுத்ததால், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பற்றியது, விட்டவுடன் திணறி நின்றது. உணரிக்கு மட்டும் ஒரு ரிலே மூலம் நேரடியாக 12 வோல்ட் கொடுத்து, காயிலைத் தடைக்கம்பியிலேயே விட்டுவிட்டேன். அந்தக் காயிலின் உள்தடை 1.5 ஓம் மட்டுமே. தடைக்கம்பியை நீக்கி நேராக இணைத்தால் 8 ஆம்பியர் பாயும், உணரி வெந்துவிடும். இத்தகைய தொகுப்பு வாங்குபவர்கள் ஓம் மீட்டரால் தங்கள் காயிலை அளந்த பிறகே வயரை இணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலையில் 2 நிமிடம் 54 வினாடி. அதாவது மாற்றம் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. 3000 சுற்றிலும்கூட இந்த எஞ்சினில் 38 பாகை டுவெல் என்பது ஏறத்தாழ 4.2 மில்லிவினாடி, மலை ஏறும் 2000 சுற்றில் 6 மில்லிவினாடிக்கும் மேல். பழைய காயில் தன் மின்னோட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பிக்கொள்ள அது போதும். 5000 சுற்றில் ஓடும் எட்டு சிலிண்டர் எஞ்சினில் அதே வேலைக்கு 2 மில்லிவினாடிதான் கிடைக்கிறது. பாயின்ட் தோற்றுப்போவது அங்கேதான். ஆயினும் தொகுப்பை நான் கழற்றவில்லை. புதிய பாயின்ட் முதல் 3000 மைலில் 3 பாகை பின்தங்கியிருந்தது. மின்னணு உணரியோ அதே தூரத்தில் ஒரு பாகைகூட நகரவில்லை. கிறைஸ்லர் 1973இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975இலும் தங்கள் வண்டிகள் அனைத்திலும் பாயின்டைக் கைவிட்டதற்கு இந்த நிலைத்தன்மை முக்கியக் காரணம். 1975இல் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி வந்தபின், பற்றாமல் போன ஒவ்வொரு பெட்ரோல் துளியும் அதைச் சூடேற்றிக் கெடுக்கும் நிலை உருவாகியிருந்தது.

கூடுதல் அழுத்தம் தரும் காயிலைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதலாம். அட்டையில் 40,000 வோல்ட் என்று போட்டிருந்தாலும், பிளக்கின் இடைவெளி தாண்டுவதற்கு எவ்வளவு தேவையோ அந்த இடத்திலேயே பொறி பாய்ந்துவிடும். அழுத்தம் அதற்கு மேல் ஏறுவதில்லை. இந்தக் குறைந்த அமுக்க விகிதத்தில் பழைய காயிலே தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. பிளக் இடைவெளியை 0.9 மில்லிமீட்டரிலிருந்து 1.1 மில்லிமீட்டருக்கு விரித்தபோது ஐடிலிங் சற்று மென்மையானது போலத் தோன்றியது, ஆனால் அதை என்னால் அளக்க முடியவில்லை. அளக்க முடிந்தது பக்கவிளைவைத்தான்: இரண்டு வாரம் கழித்து ஒரு மழைக்காலைப் பொழுதில் எஞ்சின் மிஸ் ஆகத் தொடங்கியது. பழைய மூடியின் உள்ளே இரண்டு முனைகளுக்கிடையே முடி போன்ற ஒரு கரிக்கோடு. இடைவெளி விரிந்ததால் உயர்ந்த அழுத்தம் தனக்கு எளிய வழியை அங்கே கண்டுகொண்டிருக்கிறது. பித்தளை முனைகள் கொண்ட புதிய மூடியும் ரோட்டரும் போட்டதும் அது நின்றது.

பிறகு நண்பர் ஒருவர் தம்மிடம் இருந்த பல்பொறிப் பெட்டியை ஒரு மாதத்துக்குத் தந்தார். கண்டென்சரில் 450 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் காயிலுக்குள் ஒரே அடியாகக் கொட்டும் வகை அது. 3000 சுற்றுக்குக் கீழே, கிராங்க் 20 பாகை திரும்பும் நேரத்துக்குள் பல பொறிகளை அடுத்தடுத்து வீசும். என் எஞ்சின் முழுநேரமும் அந்த எல்லைக்குள்தான் ஓடுகிறது என்பதால் இதை மிகவும் எதிர்பார்த்தேன். மலையில் 2 நிமிடம் 54 வினாடி. முதல் பொறியிலேயே கலவை பற்றிக்கொண்டால், பின்னால் வரும் பொறிகள் ஏற்கெனவே எரியும் நெருப்பில்தான் விழுகின்றன. எண்ணெய் ஏறி பிளக் கறுக்கும் தேய்ந்த எஞ்சினுக்கு அது உதவக்கூடும். என் பிளக்குகள் வெளிர்பழுப்பில் சுத்தமாக இருந்தன. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் டிஸ்ட்ரிப்யூட்டரையே வெளியே எடுத்தேன். இந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அடித்தட்டின் கீழே, சுழற்சி கூடும்போது விரிந்து டைமிங்கை முன்தள்ளும் இரண்டு எடைகள் பழைய கிரீஸ் இறுகி ஒட்டிக்கிடந்தன. எஞ்சினின் உறிஞ்சுவிசையால் டைமிங்கை முன்தள்ளும் வேக்வம் குடுவையின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று தடையின்றி வந்தது. உள்ளே சவ்வு கிழிந்திருந்தது. கலவை எரிய எடுக்கும் நேரம் சுழற்சியோடு சேர்ந்து குறைந்துவிடுவதில்லை. 600 சுற்றில் ஒரு மில்லிவினாடியில் 3.6 பாகை திரும்பும் கிராங்க், 3000 சுற்றில் 18 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே பொறி முன்னதாகவே பிறந்தாக வேண்டும். பாதி மிதிப்பில் அடர்த்தி குறைந்த கலவை இன்னும் மெதுவாக எரிவதால், வேக்வம் குடுவை மேலும் சில பாகைகளைச் சேர்க்கிறது. இந்த இரண்டும் என் வண்டியில் செத்துக்கிடந்தபோதுதான் நான் காயிலையும் பெட்டியையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடைகளைக் கழுவி, சற்று மெலிந்த ஸ்பிரிங்குகளும் புதிய குடுவையும் பொருத்தி, தொடக்க டைமிங்கை 10 பாகையில் வைத்தேன். வேக்வம் இல்லாமல் 2500 சுற்றில் மொத்தம் 34 பாகை வந்தது.

மலை ஏற 2 நிமிடம் 46 வினாடி. பெட்ரோல் கணக்கு, ஐந்து முறை டேங்கை நிரப்பிப் பார்த்ததில், காலனுக்கு 13.8 மைலிலிருந்து 15.1 மைலாக உயர்ந்தது. லிட்டருக்குச் சுமார் 5.9 கிலோமீட்டரிலிருந்து 6.4 கிலோமீட்டர். இரண்டாம் கியரிலிருந்து மேல் கியருக்கு மாற்றும்போது ஏற்பட்டுவந்த தொய்வு மறைந்துவிட்டது.

இன்று வண்டியில் மின்னணு உணரி, பழைய காயில், 0.9 மில்லிமீட்டர் இடைவெளி, பித்தளை முனை மூடி ஆகியவை இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு இதே எஞ்சினின் பிற்கால வண்டிகளில் வந்த, பாயின்ட் இல்லாத ஃபோர்டு டூராஸ்பார்க் டிஸ்ட்ரிப்யூட்டரைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். அது இதே பிளாக்கில் நேரடியாக உட்காரும். ஏப்ரலின் குளிர்ந்த காற்றில் 10 பாகையில் தட்டல் ஒலி (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதால் எழும் ஒலி) எதுவும் கேட்கவில்லை. ஜூலை வெயிலில், அதே மணல் மூட்டைகளோடும் 87 ஆக்டேன் பெட்ரோலோடும், கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும். தட்டினால் 8 பாகைக்கு இறக்குவதாக இருக்கிறேன்.