முழங்கால் சில்லு: மயக்கத்துக்கு முன்

ஜூலை 7, திங்கள்

நான்கு வயது ரேஸ் குதிரை. வலது முன்முழங்காலில் பெயர்ந்த எலும்புச் சில்லை ஆர்த்ரோஸ்கோப்பியில் (சிறு துளை வழியே மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) எடுக்க வேண்டும். எடைமேடையில் 450 கிலோ. கண்ணளவை நம்பவே கூடாது. 50 கிலோ பிசகினால் எல்லா மருந்தும் பிசகும். இதய ஒலி, நுரையீரல் ஒலி இரண்டும் சுத்தம். இருமலோ காய்ச்சலோ வந்தால் தள்ளிப்போடலாம், அவசர அறுவை இல்லை.

ஜூலை 8, இரவு

பத்து மணிக்குப் புல், கொள்ளு நிறுத்தம். தண்ணீர் வாளி இருக்கட்டும். தரையில் பரப்பிய வைக்கோலையும் அள்ளிவிட வேண்டும். பசித்தால் அதைத்தான் மேயும். குதிரைக்கு வாந்தி வராது, பட்டினி அந்தப் பயத்தால் இல்லை. மல்லாக்கப் படுக்கும்போது நிரம்பிய குடல் நுரையீரலை அழுத்தக் கூடாது, பட்டினி அதற்குத்தான். லாடமும் கழற்றியாயிற்று.

ஜூலை 9, காலை

கழுத்தில் மயிர் மழித்து, குளோர்ஹெக்சிடின் தேய்த்து, தோலடியில் 2 மில்லி லிக்னோகெய்ன் (மரப்பு மருந்து) போட்டு, ஜுகுலர் என்ற கழுத்துச் சிரையில் 14 கேஜ் கதீட்டர் (மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்). ரத்தம் பளிச்சென்று சிவந்து துடித்துப் பீறிட்டால் அது கரோட்டிட் தமனி. தூக்க மருந்தான சைலசின் அதில் போனால் நேரே மூளைக்கு ஏறும். குதிரை வலிப்போடு விழும். கருஞ்சிவப்பாகச் சொட்டுவதைப் பார்த்த பிறகே கதீட்டரைத் தோலோடு சேர்த்துத் தையல்.

கிருமிக்குப் பெனிசிலின், ஜென்டாமைசின் 3 கிராம், வலிக்கு ஃப்ளுனிக்சின் 500 மில்லிகிராம். பிறகு வாய் அலசல். கடைவாயில் ஒதுங்கிய புல்லுருண்டை, மயங்கிய பின் விடும் மூச்சு டியூபோடு சேர்ந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

சைலசின் 500 மில்லிகிராம். இனி காத்திருப்பு, அவசரப்படக் கூடாத இடம் இதுதான். தலை முழங்கால் உயரத்துக்குத் தொங்க வேண்டும், கீழுதடு தளர வேண்டும், கால்கள் அகன்று நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் சத்தம் கேட்டுத் தலை தூக்கினால் இன்னும் பாதி டோஸ். அரைகுறைத் தூக்கத்தில், படுக்கவைக்கும் மயக்க மருந்தான கெட்டமின் கொடுத்தால் உடல் விறைத்துத் துள்ளும். குதிரைக்கும் ஆளுக்கும் அடிபடும். தலை தொங்கிய பிறகே கெட்டமின் 1000, தசையைத் தளர்த்த டயஸிபம் 22 மில்லிகிராம். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் சாயும்.

படுத்தவுடன் தலைக்கயிற்றைக் கழற்ற வேண்டும். அதன் வளையம் அழுத்தினால் முகநரம்பு செயலிழந்து உதடு கோணும். கண்ணில் களிம்பு. ஐசோஃப்ளூரேன் (டியூப் வழியே போகும் மயக்க வாயு) தொடங்கியதும் சராசரி ரத்த அழுத்தம் 70க்குக் கீழே இறங்கினால் அழுத்தத்தை ஏற்ற டோபியூட்டமின், இல்லாவிட்டால் தசை செத்து குதிரையால் எழ முடியாது.

மாலை

மயக்கம் தெளியும் மெத்தை அறையில் சைலசின் 90 மில்லிகிராம், அவசரமாக எழாதிருக்க. நிதானமாக நின்ற பிறகு தண்ணீர், கைப்பிடிப் புல். சாணி குறைந்தால் வயிற்றுவலிக்குக் கவனிக்க வேண்டும்.