4:3 காட்சியை 16:9 ஆக்குவது: செய்முறைத் தேர்வுக்கு எதை முதலில் படிக்க வேண்டும்

பழைய 4:3 (அகலம்:உயரம்) காட்சியைக் கொடுத்து எச்டி ஒளிபரப்புக்குத் தயார் செய்யச் சொன்னால், பலருடைய கை நேராக ஸ்கேலுக்குத்தான், அதாவது படத்தின் அளவைப் பெருக்குவதற்குத்தான், போகிறது. அதற்கு முன் பிக்சல் கணக்கையும் ஃபீல்டையும் சரிசெய்தாக வேண்டும். படிக்கும் நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

பால் (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறைக் காட்சியின் அளவு 720×576. வகுத்துப் பார்த்தால் 1.25 வரும், 4:3 வராது. காரணம், அதன் பிக்சல் சதுரமல்ல. 4:3 படம் என்பது நடுவில் உள்ள 702 பிக்சல்தான். ஓரத்துக்கு 9 பிக்சல் மிச்சம். அந்த 702-ஐ வெட்டி எடுத்து 1440×1080 ஆக்க வேண்டும். 720-ஐயும் அப்படியே 1440-க்குள் அடைத்தால் முகங்கள் சுமார் 2.5 சதவீதம் ஒடுங்கிவிடும்.

அடுத்தது ஃபீல்டு. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஃபீல்டு என்பது ஃப்ரேமில் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள வரிகளைக் கொண்ட பாதிப் படம்; இரண்டு ஃபீல்டுகளை இப்படிப் பின்னி ஒரு ஃப்ரேமாக்குவதே இன்டர்லேஸ். ஒரு ஃப்ரேமில் உள்ள இரண்டு ஃபீல்டுகளும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. இன்டர்லேஸைப் பிரிக்காமல் உயரத்தைக் கூட்டினால் இரண்டு கணங்களும் ஒரே வரியில் கலந்துவிடும். அசையும் கையின் விளிம்பில் சீப்புப் பல் போலத் தெரிந்தது, தடித்த படிக்கட்டாக உறைந்துபோகும். பிறகு எந்த ஃபில்டராலும் அதை முழுசாக மீட்க முடியாது. எனவே முதலில் டீஇன்டர்லேஸ் செய்து ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃப்ரேமாக்குங்கள். நொடிக்கு 50 ஃப்ரேம் கிடைக்கும். 25-ஆகப் பிரித்தால் அசைவின் மென்மை பாதியாகிவிடும். ஸ்கேல் முடிந்ததும் 1080 இன்டர்லேஸுக்கு, மேல் ஃபீல்டு (முதல் வரியில் தொடங்குவது) முதலில் வருமாறு, திரும்பக் கட்டுங்கள்.

டிவி (DV) எனும் டிஜிட்டல் வீடியோ டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். இதை மாற்றிக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னுமாக உதறும். கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஒரு ஷாட்டை எடுத்து ஃபீல்டு ஃபீல்டாக நகர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி சட்டகம். இருபுறமும் 240 பிக்சல் கறுப்புப் பட்டை வைத்தால் படம் எதையும் இழக்காது. திரை முழுவதும் நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும்: 576 வரியில் 432 மட்டுமே மிஞ்சும், அதை 2.5 மடங்கு பெருக்க வேண்டியிருப்பதால் படமும் மங்கும். பட்டை முறையில் பெருக்கம் 1.875 மடங்குதான். இடைப்பட்ட வழி 14:9. ஏழில் ஒரு பங்கு உயரம் போகும், பட்டை ஓரத்துக்கு 120 பிக்சலாகக் குறையும். 4:3-ஐ அப்படியே அகலமாக இழுப்பதை விடையாகவே எழுதாதீர்கள். ஆவணக் காட்சிக்குப் பட்டைதான் நியாயம். எடுத்தவர் வைத்த சட்டகத்தை வெட்ட நமக்கு உரிமையில்லை என்றே கொள்ளலாம்.

நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லா ஷாட்டையும் நடுவிலேயே வெட்டாதீர்கள். குளோசப்பில் நெற்றி போகும், பெயர் எழுத்து உள்ள ஷாட்டில் அடிப்பகுதி போகும். ஷாட்டுக்கு ஷாட் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். நகர்வைக் குறிக்கும் கீஃப்ரேம், ஷாட் மாறும் (கட் விழும்) ஃப்ரேமிலேயே இருக்கட்டும். ஒரு ஃப்ரேம் தள்ளினாலும் படம் குதிப்பது கண்ணில் படும்.

நிறத்தையும் 601-இலிருந்து (பழைய காட்சியின் நிறத் தரம்) 709-க்கு (எச்டியின் நிறத் தரம்) மாற்றுங்கள். மாற்றாமல் பெயரை மட்டும் 709 என்று போட்டால் தோல் நிறமும் பச்சையும் பிசகும். புதிதாகச் சேர்க்கும் எழுத்துகள் ஓரத்திலிருந்து 5 சதவீதம் உள்ளே இருக்க வேண்டும்: பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54. பட்டை வைத்த கோப்புக்கு, சட்டகத்தில் உண்மையான படம் எந்தப் பகுதி என்று திரைக்குச் சொல்லும் ஏஎஃப்டி (AFD) குறியீடு 1001. அது விடுபட்டால், பழைய 4:3 திரைக்குப் போகும்போது நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் நடுவில் சுருங்கி நிற்கக்கூடும்.

கோப்பை ஒப்படைக்கும் முன் கேமராவுக்கு நேராக உள்ள கடிகாரமோ சக்கரமோ தெரியும் ஷாட்டில் நிறுத்தி, அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வராவிட்டால் 702 கணக்குக்குத் திரும்பிப் போங்கள்.