55,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: பாகங்களைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

தம்பிக்காக இறங்கிய வேலை இது. பட்ஜெட் 55,000 ரூபாய். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் வீட்டில் இருந்ததால் அந்தச் செலவு இல்லை. அவன் தினமும் விளையாடுவது வேலரண்ட், அவ்வப்போது ஜிடிஏ 5, விளையாட ஆசைப்படுவது சைபர்பங்க் 2077. மானிட்டர் 24 அங்குலம், 1080பி (1920×1080 புள்ளிகள்), 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 முறை படத்தைப் புதுப்பிக்கும்). கடைக்குப் போகும் முன்பே இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். 4கே என்றும் நொடிக்கு 240 ஃபிரேம் (படம்) என்றும் யார் எதைச் சொன்னாலும் அது நமக்குத் தேவையா என்று சரிபார்க்க அந்தத் தாள் ரொம்ப உதவியது.

2024 கோடையில் செய்தது. கீழே வரும் விலைகள் அப்போது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டவை, ஏறக்குறையத்தான்.

கேமிங் பிசி என்று சொன்னதும் ஒரு கடையில் எழுதித் தந்த முதல் கொட்டேஷன்: ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. விலையும் குறைவுதான். "அக்கா, ஐ7ஆம்!" என்று தம்பி அங்கேயே குதித்தான். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்ட பிறகுதான் நான்காம் தலைமுறை என்று தெரிந்தது. அது 2013இல் வந்த பிராசசர். விண்டோஸ் 11 அதை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்பு வசதி) வேறு வேண்டும். அந்தக் கொட்டேஷனை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பாகமாக நானே பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

பட்ஜெட் பாகம் என்றால் எங்கேயோ எதையோ வெட்டித்தான் விலையைக் குறைத்திருப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. எதை வெட்டியிருக்கிறார்கள், அது நம் விளையாட்டைப் பாதிக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் உள்ள பெயர் அதைச் சொல்லாது.

கிராபிக்ஸ் கார்டிலேயே இது நன்றாகத் தெரியும். என் முன்னால் மூன்று கார்டுகள் இருந்தன. விலை குறைந்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. நினைவகம் 4 ஜிபிதான் என்பது பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியில் இல்லாதது, அது மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ பாதை நான்கு லேன் (தடம்) மட்டுமே என்பது. பிசிஐஇ 4.0 போர்டில் நான்கு லேனுக்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரவு போகும். பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அதில் பாதிதான். கேமின் டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேல் போர்த்தும் படங்கள்) 4 ஜிபிக்குள் அடங்கினால் பிரச்சினை தெரியாது. அடங்காதபோது மீதியைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இந்தக் குறுகிய பாதை வழியாக இழுத்து இழுத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் படம் நின்று நின்று ஓடும். பழைய போர்டு வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் விலை குறைந்த கார்டைத் தேடுவார், அவரையே இந்த வெட்டு அதிகம் தாக்குகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. போதாக்குறைக்கு வீடியோ என்கோடரையும் இந்தக் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளையாடுவதைப் பதிவு செய்யும் வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழும்.

அடுத்தது ஆர்டிஎக்ஸ் 3050. இந்தப் பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கிடைத்தன. வித்தியாசம் 2 ஜிபி நினைவகம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 8 ஜிபி கார்டில் 2,560 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 128 பிட் நினைவகப் பாதை. 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர்கள், 96 பிட். மின்சாரமும் 130 வாட்டிலிருந்து 70 வாட்டாகக் குறைகிறது. சட்டென்று தெரியும் அளவுக்கு மெதுவான வேறொரு கார்டு என்றே அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு நல்ல இடம் உண்டு. 70 வாட் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம். வீட்டில் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் இருந்து, அதன் எஸ்எம்பிஎஸ்ஸை (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற வழியில்லை என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

நாங்கள் எடுத்தது ஆர்எக்ஸ் 6600, 20,500 ரூபாய். 8 ஜிபி, 128 பிட், 132 வாட். இதிலும் வெட்டு உண்டு, பதினாறு லேனுக்குப் பதில் எட்டு லேன். ஆனால் 8 ஜிபி இருப்பதால் 1080பியில் அது நிரம்பி வழிவது அரிது, பாதை குறுகியது தெரிவதேயில்லை. ரே டிரேசிங்கில் (ஒளி விழும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டும் முறை) என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளைவிடப் பின்தங்கும். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடும் எங்களுக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை.

செகண்ட் ஹேண்டிலும் இதே கார்டு மலிவாக வந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை (கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டுவது) நிறுத்தியபின் சந்தையில் கொட்டிய கார்டுகள் அப்போதும் கைமாறிக்கொண்டிருந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாரண்டி மிச்சம் இல்லாத கார்டை மாணவன் ஒருவன் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

பிராசசரிலும் அதே கதைதான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5500, 5600ஜி, 5600 என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். மூன்றிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்). ஆனால் 5600இல் எல்3 கேஷ் 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி. கேம்களுக்கு இந்தக் கேஷ் மிக முக்கியம். பிராசசர் ரேமுக்கு ஓடாமல் பக்கத்திலேயே எவ்வளவு தரவை வைத்துக்கொள்கிறதோ அவ்வளவு சீராக ஃபிரேம்கள் வரும். இன்னொன்றும் இருக்கிறது. 5500உம் 5600ஜியும் பிசிஐஇ 3.0 பிராசசர்கள். காசு கொடுத்து பிசிஐஇ 4.0 போர்டு வாங்கி அதில் 5500ஐப் போட்டால் கார்டு 3.0 வேகத்தில்தான் ஓடும். 6500 எக்ஸ்டியோடு 5500ஐச் சேர்த்துக் கொடுக்கும் கொட்டேஷன்களைப் பார்த்தேன், மேலே சொன்ன குறுகிய பாதைச் சிக்கல் அப்படியே அதில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வாங்கப் போவதில்லை என்றால் மட்டும் 5600ஜி நல்ல தேர்வு, அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது.

இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் ஏறக்குறைய இதே விலை, இதே வேகம். அதோடு கடையில் சொல்லும் எச்610 போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டுதான். நான் 5600ஐ 11,000க்கும், நான்கு ரேம் ஸ்லாட்டும் எஸ்எஸ்டி செருகும் இரண்டு எம்.2 ஸ்லாட்டும் உள்ள பி550 போர்டை 8,500க்கும் எடுத்தேன். இந்தப் போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் பழசாகிவிட்டது என்றார்கள். உண்மைதான், புதிய ஏஎம்5 வந்துவிட்டது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம், போர்டும் அப்போது விலை அதிகம். அந்த வித்தியாசத்துக்கு கிராபிக்ஸ் கார்டை இறக்க வேண்டியிருக்கும், அதை நான் செய்ய மாட்டேன்.

ரேம் டிடிஆர்4 3200, 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் பின்னால் சேர்க்க வசதி என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு ஸ்டிக் இருந்தால்தான் டூயல் சேனலில் (ரேமுக்கு இரண்டு பாதை) ஓடும், கேம்களில் அந்த வித்தியாசம் தெரியும். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான வகை). 1 டிபி வாங்க ஆசைதான், ஆனால் இன்னொரு எம்.2 ஸ்லாட் காலியாக இருப்பதால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் காசை மிச்சப்படுத்த எல்லோரும் கை வைக்கும் இடம் இதுதான். கேபினட்டோடு இலவசமாக 450 வாட் எஸ்எம்பிஎஸ் தருகிறோம் என்பார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. நான் பார்த்த ஒன்றில் 20 ஆம்பியர் போட்டிருந்தது. பெருக்கினால் 240 வாட். மேலே எழுதிய 450க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! எங்கள் கார்டு 132, பிராசசர் முழு வேகத்தில் 76, அதோடு மற்ற பாகங்கள். ஓட்டுவதற்கே மூச்சு வாங்கும். நாங்கள் எடுத்தது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச்சான்று), 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். விலை 4,300. அவ்வளவு வாட் இன்று தேவையில்லை, நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் தாங்கட்டும் என்றுதான்.

வீட்டு மின்சாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக எடுக்க உதவும் சுற்று) இருக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் அவை சில நேரம் தகராறு செய்யும், சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் நல்லது. எர்த்திங் சரியில்லாத பாயின்ட்டில் மாட்டினால் கேபினட்டைத் தொடும்போது சுர்ரென்று இழுக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைச் சரிபார்த்த பிறகே மாட்டினோம்.

கேபினட்டுக்கு 3,000. முன்பக்கம் கண்ணாடி வைத்தது பார்க்க அழகுதான், ஆனால் காற்று எங்கிருந்து வரும்? சென்னையில் மே மாதம் அறையே 34 டிகிரியில் இருக்கும்போது முன்பக்கம் மெஷ் (வலை) இருந்தே ஆக வேண்டும். தூசி வரும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

ஒரு கடையில் பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்துத் தருகிறோம் என்றார்கள். வாங்கவில்லை. கார்டு கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதே பில்லும் சீரியல் நம்பரும்தான். பெட்டியில் உள்ள சீரியலும் கார்டில் உள்ள சீரியலும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தோம்.

பூட்டும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. 5600இல் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காவிட்டால் 3200 ரேம் 2133இலோ 2400இலோ ஓடும். மானிட்டரின் 75 ஹெர்ட்ஸையும் விண்டோஸில் போய்த்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

ஓட்டிப் பார்த்ததில் வேலரண்டும் ஜிடிஏ 5உம் நொடிக்கு 75 ஃபிரேமைத் தாராளமாகத் தாண்டுகின்றன. சைபர்பங்க், ரே டிரேசிங் இல்லாமல் நடுத்தர செட்டிங்கில் 60க்கு மேல் நிற்கிறது. பிராசசரோடு வந்த கூலரையே போட்டிருக்கிறோம். சோதனை மென்பொருளில் பிராசசர் 82 டிகிரி வரை போனது, வரம்பு 90. கேம் விளையாடும்போது அவ்வளவு போவதில்லை. கார்டு 75 டிகிரியைத் தொட்டது. ஆர்எக்ஸ் கார்டுகளும் ஏஎம்டியுடையவைதான்; அவர்களின் மென்பொருளில் அதன் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்ததும் ஐந்தாறு டிகிரி இறங்கியது, ஃபிரேம் குறையவில்லை. மிச்சமிருந்த பணத்தில் பின்பக்கம் ஒரு நல்ல 120 எம்எம் ஃபேன்.

அடுத்ததாக அப்போது ரைசன் 7 5700எக்ஸ்3டி மேல் கண் வைத்திருந்தேன். அதே போர்டில் பொருந்தும், எட்டு கோர், 96 எம்பி கேஷ். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தோம், பயாஸை மட்டும் அப்போதே புதுப்பித்து வைத்துவிட்டேன்.