வசியம் இல்லை அக்கா, இது வேற

வேலூரில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஹிப்னோதெரபி என்று சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். நம் ஊரில் அதற்கு மனவசியம் என்றுதான் பெயர். வசியம் என்றால் மையும் தாயத்தும் தானே நினைவுக்கு வரும்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவர் வந்தார். சர்க்கரை ஏறிப்போய், இன்சுலின் போட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியைப் பார்த்தாலே அக்காவுக்கு வியர்த்துக் கொட்டும். கூட வந்த வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "இன்னாம்மா, தூங்க வச்சிட்டு எழுப்ப முடியாம போயிட்டா இன்னா பண்றது?"

தூக்கமே இல்லையே, அப்புறம் எங்கே எழுப்புவது! குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1843இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்று பெயர் வைத்தார். மனம் ஒரே எண்ணத்தில் ஊன்றி நிற்பதுதான் இது என்று புரிந்து சில வருடங்களிலேயே பெயரை மாற்றப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

அவர்களிடம் பிரெய்டைப் பற்றிப் பேசவில்லை. "பீடி சுத்தறப்போ கை பாட்டுக்கு இலையை மடிக்குது, மனசு எங்கியோ போயிருக்கு, இல்லையா அக்கா? கூப்பிட்டா உடனே திரும்பிப் பார்க்கறீங்க. அதே மாதிரிதான்" என்றேன். அக்கா தலையாட்டினார்.

இரண்டாவது நாள், கண்ணை மூடி மூச்சில் கவனம் வைத்து நன்றாக அமைதியாகியிருந்தார். வெளியே வீட்டுக்காரர் போனில் மகளிடம் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஜன்னல்ல இல்லம்மா, அரிசி டிரம்முக்குப் பின்னால இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். நான் எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் திரும்ப மூச்சுக்குப் போயிருந்தார். காதும் அறிவும் அவரிடமேதான் இருந்தன. ஒரு மாதத்தில் தன் கையாலேயே ஊசி போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் இப்படிப் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். இன்சுலின் செய்யும் வேலையை ஹிப்னாடிசம் செய்யாது. அக்காவின் பயத்தைத்தான் அது தணித்தது.

என்னை இன்றும் உறுத்துவது வேறொரு நாள். ஒரு மாமியார் மருமகளை அழைத்து வந்தார். வீட்டில் செயின் காணோம். "மயக்கத்துல கேட்டா உண்மையைக் கக்கிடுவா மேடம்." முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த நிலையிலும் ஒருவரால் பொய் சொல்ல முடியும். அதைவிட ஆபத்து, நாம் துருவித் துருவிக் கேட்கும்போது நடக்காத ஒன்றுகூட நடந்ததாக மனதில் பதிந்துவிடலாம். கற்பனையும் ஞாபகமும் கலந்துபோகும், ஆனால் சொல்பவருக்கு உறுதி மட்டும் கூடும். அப்படி வாங்கிய வாக்குமூலத்தை வைத்து ஒரு பெண்ணைத் திருடி என்பதா?

மாமியாரை வெளியே உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு, தலை நிமிராமல் இருந்தாள். "உனக்கு இஷ்டமில்லாம இங்க எதுவும் நடக்காதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.