தொகை இல்லாத வரைவு

காலநிலை நிதியைக் கவனிக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐ.நா. காலநிலை மாநாட்டில் புது ஒப்பந்த வரைவு வந்ததும் பழையதோடு வைத்துப் படித்து, எது மாறியிருக்கிறது என்று குறிப்பெழுதித் தர வேண்டும். 2024 நவம்பரில் அதற்காகத்தான் அசர்பைஜான் தலைநகர் பாகுவுக்குப் போனேன்.

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு பணம் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. உடன்பாடு வராத வரிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். மாநாடு முடிய வேண்டியதற்கு முந்தைய நாள் வந்த வரைவில், பக்கம் பக்கமாக வாசகம் இருக்கிறது, தொகை வர வேண்டிய இடத்தில் மட்டும் ‘எக்ஸ்’. மறுநாள் 250 பில்லியன் டாலர் என்று வந்தது, வளரும் நாடுகள் கேட்டது 1.3 டிரில்லியன். சனிக்கிழமை தீவு நாடுகளும் மிக ஏழை நாடுகளும் ஒரு கூட்டத்திலிருந்து வெளிநடப்பு செய்தன. அப்புறம் ஞாயிறு அதிகாலை, 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்று முடிவு ஏற்கப்பட்டதாக மாநாட்டுத் தலைவர் சுத்தியலைத் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது, அவர் இதை ஏற்க முடியாது என்று சொன்னது பதிவானதே தவிர முடிவு மாறவில்லை.

இந்த மாநாடுகளில் ஓட்டெடுப்பு கிடையாது. 1995-இல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலேயே ஓட்டெடுப்பு விதியில் நாடுகள் ஒத்துப்போகவில்லை, இன்றுவரை ஒருமித்த கருத்துதான். ஆனால் ஓட்டெடுப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பணம் தர வேண்டியவர்களை ஓட்டில் தோற்கடித்து என்ன பயன்? தொகைக்கு அவரவர் நாடாளுமன்றம்தான் ஒப்புதல் தர வேண்டும். அமெரிக்கப் பிரதிநிதிகள் வந்தபோது டிரம்ப் ஜெயித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவர்கள் தரும் வாக்கு அவர் பதவியேற்கும் ஜனவரியைத் தாண்டித் தாங்குமா என்பது எல்லோருக்கும் தெரிந்த சந்தேகம். ஐரோப்பியர்களோ, சீனாவும் வளைகுடா நாடுகளும் பங்கு போடட்டும் என்றார்கள்; 1992 ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் பணம் தர வேண்டிய நாடுகளின் பட்டியலில் நாங்கள் இல்லையே என்பது இவர்களின் பதில். இரண்டு பக்கமும் பேசுவதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இழுக்கிறது.

எனக்கு ஆறாதது கடன் விஷயம். 2020-க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் என்று 2009-இல் கோபன்ஹேகனில் சொன்னது 2022-இல்தான் நிறைவேறியது, அதிலும் அரசுகள் வழியாகப் போன பணத்தில் பெரும்பகுதி கடன். புயலில் எல்லாம் போன தீவு நாடு, மறுபடி கட்ட வாங்கிய பணத்துக்கு வட்டி கட்டுகிறது. புது 300 பில்லியனிலும் மானியம் எவ்வளவு என்று முடிவில் எழுதவில்லை. எந்த வரைவு வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.